துய்மா வீதி வாசலில் அம்மா சொன்னது

என் அம்மா ஒரு சினிமாவில் ஒரே ஒரு வசனம் பேசினாள். படத்தில் கேட்பது அவள் குரல் அல்ல.

அவள் பெயர் ரோசா. நடிகை இல்லை. துய்மா வீதியில் ஒரு பழைய வீட்டின் சாவி அவளிடம் இருந்தது. வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். மதாம் என்று அம்மா சொல்லும் வீட்டுக்கார அம்மாள் வருடத்துக்கு ஒருமுறை வருவார், சில வருடங்கள் வரவும் மாட்டார். அம்மா தினமும் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். கூடத்தைப் பெருக்கித் துடைப்பாள். மத்தியானம் எல்லாவற்றையும் சாத்திப் பூட்டிக்கொண்டு திரும்புவாள். ஆளே இல்லாத வீட்டை எதற்குத் தினமும் துடைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்புக் காத்து ஆஷு. ஒரு நாளு வுட்டா தரை பிசுபிசுன்னு ஆயிடும். மதாம் சொல்லாம கொள்ளாம வந்து நின்னா?"

மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, மதிலுக்கு மேல் காகிதப்பூக் கொடி. சினிமாக்காரர்கள் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள். மதாம் தொலைபேசியில் சரி என்று சொன்னால் அம்மா கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பாள். அவர்கள் ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

எட்டு வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு படப்பிடிப்பு. கதாநாயகனை ஆட்கள் துரத்துகிறார்கள். அவன் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வர வேண்டும். கூடத்தில் வேலைக்காரப் பெண் ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணாக வரவேண்டிய துணை நடிகை சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள். "நீங்களே இருங்கம்மா. பேச ஒண்ணும் இல்ல, தொடைச்சிக்கிட்டே இருந்தா போதும்." அவளும் நிஜமாகவே ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து நிஜமாகவே துடைத்தாள். கதாநாயகன் செருப்போடு ஓடி வந்தான். அவள் கேமராவை மறந்து அவனிடம் என்னவோ சொல்லிவிட்டாள். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தாராம். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று மறுபடி மறுபடி பேச வைத்து எடுத்திருக்கிறார்கள்.

"என்னம்மா சொன்ன?" என்று அன்று மாலை கேட்டேன்.

"அது யாருக்கு நெனப்பு இருக்குது? செருப்பப் பத்தி ஏதோ சொன்னேன்."

படம் வந்தபோது எங்கள் தெருவே தியேட்டருக்குப் போனது. அம்மா நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் நான். அந்தக் காட்சி வந்தது. திரையில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு குரல் கேட்டது.

"யோவ்! செருப்பக் கழட்டுய்யா! இப்பத்தானே தொடச்சேன்!"

மூக்கால் இழுத்த, கீச்சென்ற குரல். சென்னையில் டப்பிங் அறையில் யாரோ ஒரு பெண் பேசியது. "யோவ்" என்ற சொல்லுக்கு அம்மாவின் உதட்டில் அசைவு இல்லை. அதனால் அதை அவள் வாய் மூடியிருக்கும்போதே வைத்திருந்தார்கள். தியேட்டர் அதிர்ந்தது. பின் வரிசையிலிருந்து எதிர்வீட்டு அன்னக்கிளி அத்தை எக்கிப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா ரோசாக்கா, உன் வாயில யாரோ பூந்துகினு பேசறாங்க?"

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இவ எங்க யோவ்னு சொன்னா?" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார். அம்மா யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

படம் ஓடியது. அந்த வசனம் படத்தைவிட அதிகமாக ஓடியது. கட்சி மாறியவரைக் கேலி செய்யும் வீடியோக்களில் அதைப் போட்டார்கள். ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அதைப் போட்டார்கள். பிறகு ஆட்கள் நேரிலேயே வரத் தொடங்கினார்கள்.

அதற்குக் காரணம் சின்னக்கண்ணு மாமா. உறவில்லை, எங்கள் தெரு. ஆட்டோ ஓட்டுகிறார். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு படமெடுத்த இடங்களைச் சுற்றிக் காட்டுவது அவராகக் கண்டுபிடித்த தொழில். ரயில் நிலையத்தில் தொடங்குவார். பசிலிக்கா, கடற்கரைச் சாலை, பழைய துறைமுகப் பாலம் தெரியும் இடம், அப்புறம் மஞ்சள் சுவர் வீதிகள். கடைசி நிறுத்தம் அம்மா. "மத்த எடத்துல எல்லாம் செவுருதான் பாப்பீங்க. இங்க ஆளயே பாக்கலாம்" என்பார்.

முதலில் அம்மா தன் குரலில்தான் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் முகம் விழுந்துவிட்டதாம். "அப்படி இல்ல ஆன்ட்டி. படத்துல வர்ற மாதிரி சொல்லுங்க." அவள் கற்றுக்கொண்டாள். தன் வாய்க்குள் புகுந்த அந்தப் பெண்ணின் குரலைத் தன் தொண்டையில் வரவழைத்துக்கொண்டாள்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதை நேரில் பார்த்தேன். அவளை அழைத்துவர வாசலில் நின்றிருந்தேன். ஆட்டோவிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "யோவ்!" என்றாள். அச்சு அசல். கூட்டம் கைதட்டியது. அவர்கள் போனதும் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"தொண்ட எரியுது ஆஷு. அந்தப் பொம்பள எப்படித்தான் பேசுதோ."

"அப்ப ஏம்மா பேசற?"

"எந்த ஊருலேருந்தோ வராங்க. சப்புனு திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்?"

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனிஸ்லாஸ். மில்லில் வேலை பார்த்தவர். சர்க்கரை கண்ணைப் பிடித்தது. படம் வந்தபோது ஒரு கண் மங்கியிருந்தது. அடுத்த சில வருடங்களில் இரண்டும் போயின. அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்குள் பேசாமல் நடந்ததே இல்லை. "தோ வரேன்." "அடுப்பாண்ட நிக்கறேன்." "கதவு தொறந்து இருக்குது, இடிச்சிக்காதீங்க." அப்பா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நாற்காலி, கட்டில், குளியலறை எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதை அவள் குரல் இருக்கும் திசையிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வார். ஒருநாள் அன்னக்கிளி அத்தையின் பேரனைச் சிரிக்க வைக்க அம்மா வீட்டுக்குள் அந்தச் சினிமாக் குரலில் பேசிவிட்டாள். அப்பா நடையில் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தக் கொரலு இந்த வூட்டுல வேணாம் ரோசா. நீ எங்க இருக்கன்னு தெரியல."

அதன்பிறகு வீட்டில் அவள் அதைப் பேசவில்லை.

போன வருடம் மழை தொடங்கும்போது அம்மா இறந்தாள். இதயம். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. உப்பளம் கல்லறையில் அடக்கம். தெருப் பையன்கள் முக்கில் பேனர் கட்டினார்கள். படத்திலிருந்து எடுத்த முகம். கீழே பெரிய எழுத்தில்: "செருப்பக் கழட்டுய்யா" புகழ் ரோசா தனிஸ்லாஸ் இறைவனடி சேர்ந்தார். அன்போடு செய்ததுதான். அப்பாவுக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பு. கட்டிலில் இடித்துக்கொண்டது.

"ஆஷு. மொகம் இருக்குது. கொரலு போவுது."

"புரியலப்பா."

"அவள நெனச்சா அந்தச் சினிமாக்காரி பேசறா. மருந்துக் கடையில, பஸ்ஸுல, எவன் போன தொறந்தாலும் அதுதானே. எங்க ரோசா எப்படிப் பேசுவான்னு புடிச்சி வெக்கப் பாக்கறேன். நிக்க மாட்டேங்குது." முழங்காலைத் தடவினார். "ஒரு தரம் கேட்டா போதும். புடிச்சிக்குவேன். உன் போன்ல போடேன்."

போடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

புகைப்படங்கள் ஏராளம். அவை அப்பாவுக்கு உதவாது. அம்மா போனில் எழுதியும் அனுப்ப மாட்டாள், பேசியும் அனுப்ப மாட்டாள். சொல்ல வேண்டியது இருந்தால் கூப்பிடுவாள், பேசுவாள், வைத்துவிடுவாள். என் கல்யாண வீடியோவில் ஒலியை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார்கள். அண்ணன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவில் அம்மா கேமராவைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்கிறாள். பின்னால் பேண்டு வாத்தியம். இயந்திரங்களின் அதிர்வை அளந்து பழுது எங்கே என்று சொல்வது என் வேலை. இரைச்சலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் எல்லாம் கைவசம் உண்டு. இரண்டு வாரம் முயன்றேன். டிரம்பெட்டும் அம்மாவும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தார்கள். டிரம்பெட்டை எடுத்தால் அவளும் போனாள்.

சின்னக்கண்ணு மாமாவிடம் கேட்டேன். அம்மா சாதாரணமாகப் பேசுவதை யாராவது எடுத்திருப்பார்களா?

"ஆயிரம் பேரு எடுத்திருக்கான் பாப்பா. ஞாயித்துக்கெழம வண்டியில ஏறு. திரும்பத் திரும்ப வர்றவங்க இருக்காங்க. கேட்டுப் பாக்கலாம்."

அப்படித்தான் சொந்த ஊரில் நானும் படமெடுத்த இடங்களைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பின்னிருக்கையில் ஈரோட்டிலிருந்து வந்த மூன்று கல்லூரிப் பெண்கள். மாமாவின் இருக்கை ஓரத்தில் நான். ரயில் நிலையத்தில் அவர் வண்டியை நிறுத்தினார்.

"இங்கதான் ஹீரோயினு ரயில வுட்டுட்டு அழுதுச்சி."

"எந்த ரயிலுங்கண்ணா?" என்றாள் ஒருத்தி.

"ரயிலு வரவே இல்ல. அது கம்ப்யூட்டர்ல வுட்டது. அழுதது மட்டும் நெசம்."

"நெசமாவா அழுதாங்க?"

"அதுவும் கிளிசரின்தான். கண்ணு எரிஞ்சது நெசம்."

பெண்கள் சிரித்தார்கள். அடுத்து கடற்கரைச் சாலையின் கோடி. தூரத்தில் பழைய துறைமுகப் பாலத்தின் தூண்கள். "வில்லன் இங்கதான் கடல்ல வுழுந்தான். எழுந்தது வீராம்பட்டினத்துல."

"அவ்ளோ தூரம் நீந்திப் போனாருங்களா?"

"காருல போனான். அலை அங்கதான் நல்லா இருந்துதாம்."

வழக்கமாகச் சொல்வது போலவே சொன்னார். ஆனால் துய்மா வீதி திரும்பும்போது பேச்சை நிறுத்திவிட்டார். அங்கே சொல்வதற்கு அவர் எதுவும் வைத்திருந்ததில்லை. மிச்சத்தை அம்மா பார்த்துக்கொள்வாள்.

பச்சைக் கதவு சாத்தியிருந்தது. சாவி இப்போது வேறு ஒருவரிடம். ஏற்கெனவே இரண்டு குழுக்கள் வாசலில் நின்றன. ஒருவன் ஓடி வருவான். ஒருத்தி இடுப்பில் கையை வைத்து "யோவ்" என்பாள். பிறகு அடுத்தவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் என் அம்மாவாக நின்றார்கள். எல்லாரும் நன்றாகவே செய்தார்கள்.

எங்கள் வண்டியில் வந்த சுடர்விழி என்ற பெண் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

எடுத்தேன். முதல் தடவை அவள் சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை குறுக்கே ஸ்கூட்டர். மூன்றாவது சரியாக வந்தது.

"போன தடவ வந்தப்போ அந்தம்மாவே இருந்தாங்க. இன்னைக்கி வரலீங்களாண்ணா?" என்று மாமாவைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், சொல்ல வேண்டாம் என்று.

"இல்லம்மா" என்றார்.

"செம்ம ஜாலியான அம்மா. எங்ககிட்ட வீடியோ இருக்குது." தேடி எடுத்துக் காட்டினாள். அம்மா. நீலச் சேலை. இடுப்பில் கை. அந்தக் குரல். உடனே எல்லாரும் சிரிக்கும் சத்தம். முடிந்தது.

"இதுக்கு முன்னாடியோ பின்னாடியோ அவங்க வேற ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்களே. தண்ணி குடிச்சீங்களா, இந்த வெயில்ல தலைக்கு ஒண்ணும் போடாம சுத்துறீங்களேனு கேட்டாங்க. துப்பட்டாவைத் தலையில போட்டுவிட்டாங்க."

"அத எடுக்கலியா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அத எதுக்குங்கக்கா எடுக்கறது?"

மற்ற இரண்டு குழுக்களிடமும் கேட்டேன். அவர்களுக்கு அம்மாவைப் பார்த்த நினைவே இல்லை.

பெண்களை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் சுடர்விழி கேட்டதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எதற்கு என்று கேட்காமல் காதில் விழுவதையெல்லாம் எடுத்து வைப்பவர் யார்?

"மாமா, ஷூட்டிங் அன்னைக்கு மைக் வச்சிருந்தாங்களா?"

"வெச்சிருந்தாங்களே. பிரேம்குமாருன்னு ஒரு தம்பி. காதுல மாட்டிகினு, மடியில ஒரு பொட்டிய வெச்சிகினு. நான்தான் ஒரு வாரம் ஏத்திகினு சுத்தினேன். நம்பரு இருக்குது. ஏன்?"

படப்பிடிப்பில் பேசுவதையும் பதிவு செய்வார்கள். படத்தில் சேர்ப்பதற்கு அல்ல. பிறகு டப்பிங் பேசுபவர் அதைக் காதில் கேட்டு உதட்டசைவுக்குப் பொருத்திப் பேசுவதற்காக. பைலட் என்று சொல்வார்கள். டப்பிங் முடிந்தால் அதன் வேலை முடிந்தது.

பிரேம்குமாரும் போனில் அதைத்தான் சொன்னார். "அத யாரு மேடம் வச்சிருப்பாங்க? டிஸ்க்க அழிச்சிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டே இருப்போம். எதுக்கு வேணும்?"

சொன்னேன். அம்மா, அப்பாவின் கண், மருந்துக் கடை, எல்லாம்.

"அந்தம்மா ரொம்ப மெதுவாப் பேசினாங்க" என்றார். "நான் லெவல ஏத்த வேண்டியிருந்தது. அதனால ஞாபகம் இருக்கு. படத்துல கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பாக்கறேன் மேடம். வாக்கு எல்லாம் குடுக்கல."

அவர் பார்த்துச் சொல்வதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் நான் வீட்டுக்குள் காலை வைத்தவுடன் கேட்பார். "கெடச்சிதா?" பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பேசுவதையே குறைத்துக்கொண்டார். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கூடத்துச் சுவரில் அவர் கை உயரத்துக்கு அழுக்காக ஒரு கோடு விழுந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று பிரேம்குமார் கூப்பிட்டார். பழைய டிஸ்க் ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் கெட்டுவிட்டது. அந்தக் காட்சியில் முதல் டேக் மட்டும் முழுதாக இருக்கிறது. "அவங்களா பேசினது அதுதான் மேடம். அதுக்கப்புறம் எல்லாம் நாங்க சொல்லிக் குடுத்து அவங்க பேசினது."

கோப்பு வந்தது. நான் கேட்கவில்லை. அலைவடிவத்தை மட்டும் பார்த்தேன். அடியில் தடித்த பட்டையாக ஜெனரேட்டர் இரைச்சல். அதைக் கொஞ்சம் வெட்டினேன். அதற்கு மேல் கை வைக்கவில்லை. இன்னும் சுத்தம் செய்தால் குரலிலும் கொஞ்சம் போகும். பிறகு பேருந்து ஏறினேன். அப்பாவுக்கு முன்னால் நான் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

வீட்டில் அப்பா கூடத்து நாற்காலியில் இருந்தார். ஒலிபெருக்கியை அவர் எதிரே முக்காலியில் வைத்தேன்.

"கெடச்சிருக்குப்பா."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ வீட்டுக்கு வருகிறார்கள் என்பதைப் போல. "போடு."

இரைச்சல். தூரத்தில் ஒரு காகம். யாரோ "சவுண்ட்" என்றார். யாரோ "ஆக்‌ஷன்" என்றார். ஓடி வரும் காலடிகள், கதவு சுவரில் மோதும் சத்தம். அப்புறம் அம்மா.

"ஐய, தம்பி, தம்பி... செருப்பு. இப்பத்தான் தொடச்சேன், ஈரமா இருக்குது. பாத்து வாப்பா, வழுக்கிடப் போவுது."

அதற்குள் யாரோ சிரிக்கிறார்கள். "கட்." இன்னும் பலர் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் கோப்பு.

அவள் திட்டவில்லை. அவன் விழுந்துவிடுவான் என்று பயந்திருக்கிறாள். படத்தில் பயத்தை எடுத்துவிட்டுச் செருப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதற்காக அப்பாவின் பக்கம் திரும்பினேன். சொல்லவில்லை. அவருடைய இரண்டு கால்களும் தரையிலிருந்து மேலே தூக்கியிருந்தன. நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா இந்தக் கூடத்தைத் துடைக்கும்போது அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஈரமாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் கால்களைத் தூக்கிக்கொள்வார். அவள் நாற்காலிக்கு அடியில் துடைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போவாள். காய்ந்ததும் அங்கிருந்து சொல்வாள். அதுவரை இறக்க மாட்டார்.

ஒலி நின்று வெகுநேரம் ஆகியும் கால்கள் இறங்கவில்லை. தொடைகள் நடுங்கின. முகம் பின்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"காஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

தரையைப் பார்த்தேன். தூசி. அதில் அவர் தடம் மட்டும், சுவரை ஒட்டி.

"காஞ்சிடுச்சுப்பா."

முதலில் ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொன்றை.